ஆறு நம்பர்

"நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க எல்லாரும் நிக்காக. குடம் தூக்குற மகன் எங்கய்யா?" என்று பந்தலிலிருந்து தாய்மாமன் சத்தம்போட்டார். மகன் அருள்பாண்டி உள்ளறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா சின்னச்சாமி. அவனியாபுரத்தில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர், நேற்றுக் காலை காபி டம்ளரோடு சாய்ந்துவிட்டார்.

பதினோரு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரி இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிறது. அதற்குமேல் யார் திறந்தாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று காட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். மற்ற நாற்பது தளங்களும் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அவன்தான் எழுதி வைத்திருந்தான். இது ஒன்று மட்டும் கைவேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்குக்குள் நுழைய ஓடிபி வேண்டும். அது அப்பாவின் போனுக்கு வரும். தன் போனைத் தொலைத்திருந்த ஒரு வாரத்தில், அவசரத்துக்கு அப்பா நம்பரைக் கொடுத்த புத்திசாலி அவன்.

மாற்ற அரைமணி நேரம் போதும். மாற்றவில்லை. "ஆறு நம்பர் வந்திருக்குய்யா, எழுதிக்கிறியா?" என்று அப்பா கூப்பிடுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் அதற்கப்புறம்தான். மற்ற நாட்களில் இருவருக்கும் பேச ஒன்றும் இருந்ததில்லை.

சென்னையிலிருந்து மேலாளர் கிருஷ்ணபிரசாத் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். "ஸாரி அருள், இந்த நேரத்துல கேக்கக்கூடாது. ஆனா டெஸ்ட் ரிப்போர்ட் பாக்கறவங்க எல்லாம் மாட்டிக்குவாங்க. உங்கள விட்டா யாராலயும் உள்ள போக முடியாது."

"பாக்குறேன் சார்."

மணி பத்தே முக்கால். வெளியே கொட்டுச் சத்தம். அப்பாவுக்காக அழக்கூட நேரமில்லாமல் போனதை நினைக்க அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. லேப்டாப்பை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு நடந்தான். ஒப்பாரி நின்றது. பெண்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அப்பாவின் போன் அம்மா முத்துத்தாயின் மடியில் இருந்தது.

"அம்மா, அதக் கொஞ்சம் குடும்மா. ஒரு நம்பர் வரும்."

அவள் கொடுக்கவில்லை. போன் சிணுங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்து, எட்டப் பிடித்து வாசித்தாள்.

"நாலு... ஒம்பது... ஒம்பது..." பெட்டியை ஒருதரம் பார்த்தாள். "ரெண்டு... சைபர்... ஏழு. எழுதிக்கிட்டியாய்யா?"

"எழுதிட்டேன்மா."

பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இன்னும் தொண்ணூறு நாளைக்குக் கவலையில்லை. இந்த நம்பரையும் கையோடு மாற்றிவிடுவோம் என்று பார்த்தான். 'புதிய கைபேசி எண்' என்று கேட்டது.

"வா மாப்ள, நேரமாச்சு" என்று குடத்தோடு மாமன் வாசலில் வந்து நின்றார்.

அருள்பாண்டி அவசரமாகப் பத்து எண்களையும் தட்டினான்.

'இந்த எண் ஏற்கெனவே பதிவில் உள்ளது' என்றது திரை.

இரண்டுமுறை வாசித்த பிறகுதான் தட்டியது யார் நம்பர் என்று பார்த்தான். லேப்டாப்பை மூடிவிட்டு, மாமனிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டான்.