திரையில் தெரியாத ரத்தம்

அக்கா கத்தியது கடைசிக் கட்டில்வரை கேட்டிருக்கும். டாக்டருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி தேய்க்கும் கூடத்தில் நீராவிக் குழாய் பிய்ந்து அவள் முன்கையை வேகவைத்திருந்தது. கட்டைப் பிரித்துக் கழுவியபின், பேனா போன்ற ஒரு முனையைக் காயத்தின்மேல் வைத்தார் டாக்டர். அது தோலுக்குள் வெளிச்சம் அனுப்பும். திரும்பி வரும் வெளிச்சத்தைக் கொண்டு உள்ளே ரத்தம் எவ்வளவு என்று திரையில் கோடு காட்டும். ரத்தம் இருந்தால் தோல் தானாக ஆறும். இல்லையென்றால் அதைச் சீவி எறிந்துவிட்டு, தொடையில் தோல் உரித்து ஒட்டவேண்டும்.

அவள் கையை இழுத்தாள். அவர் முனையை விடாமல் அழுத்தினார். கோடு திரையின் அடியிலேயே கிடந்தது.

"தோல் செத்துப்போச்சும்மா. நாளைக்கே ஆபரேஷன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதுலதான் பார்த்தேன், அவருக்கும் நாளைக்குத்தான்."

"செத்ததுன்னா ஏன் டாக்டர் உயிர் போற மாதிரி வலிக்குது?"

"மிஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், வாயில் நல்ல வார்த்தை வராது.

"அக்கா கத்துறது உங்க காதுல விழலையா சார்?"

"நீ என்ன படிச்சிருக்கே?"

"பாதியில விட்டுட்டேன்."

"அதான்."

"டேய், நீ சும்மா இரு" என்ற அக்கா, நல்ல கையால் அந்த முனையைப் பிடுங்கி டாக்டரின் முன்கையில் வைத்து அமுக்கினாள்.

"ஏய், என்னம்மா பண்றே!"

"நீங்க அமுக்கின அளவுதான் டாக்டர். அங்க பாருங்க."

கோடு சரிந்து திரையின் அடியில் விழுந்தது.

"அய்யய்யோ, உங்க கையும் செத்துப்போச்சே! நாளைக்கு ஒண்ணாவே படுத்துக்கலாம்."

நர்ஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விரலை அமுக்கினால் வெளுக்கும், ரத்தம் விலகும். இது குழந்தைக்கும் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத் தெரியவில்லை.

அவர் முனையைத் துடைத்தார். இந்த முறை பட்டும் படாமல் வைத்தார். கோடு ஏறியது.

"ஆறிடும்போல. ஆபரேஷன் வேண்டாம்" என்றவர், நர்ஸிடம், "பேஷன்ட் அசைஞ்சதால அளவு தப்பாயிடுச்சுன்னு எழுதிக்கோங்க" என்றார்.

மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. மிஷினின் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சுருட்டாதீங்க" என்றாள் அக்கா.

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கி வெந்த காலை நீட்டிக்கொண்டிருந்தார்.