மார்ச் மாதத்துத் தண்ணீர்

ஏரியில் தண்ணீர் இருந்தால் ஊர் சந்தோஷப்படும். செஞ்சியில் ஏரிகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் பொறியாளராக இருந்த அறிவுமதிக்கு மட்டும் அந்த வருடம் அது பிடிக்கவில்லை. மார்ச் பிறந்தும் சித்தேரி வற்றுகிற வழியைக் காணோம். ராஜகிரிக் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் மேலேயிருந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அவள் தினமும் அலுவலகத்துக்குப் போகுமுன் கரைக்கு வந்து, பாதி முழுகிக் கிடக்கும் மதகைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மதகின் அடியில் விரிசல். போன மழையில் அதன் வழியாகக் கரைமண் அரித்து ஓடியதைப் பார்த்து, இன்னொரு மழைக்கு இது தாங்காது என்று எழுதி எழுதி அரசாங்கத்திடம் நிதி வாங்கியவள் அவள்தான். ஏரி வற்றினால்தான் அடியைத் தோண்டிக் கட்ட முடியும். மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்துப் பார்த்தார் ஒப்பந்தக்காரர் தங்கராசு. மூட்டைகள் சரிந்துவிட்டன. நிதியோ இந்த மாதத்தோடு காலாவதி.

"எல்லாரும் செய்றதுதான் மேடம். வேல முடிஞ்சிதுன்னு சைன் போட்டுடுங்க. சித்திரைல ஏரி காஞ்சதும் கட்டிடறேன்" என்றார் தங்கராசு.

நல்ல மனிதர்தான். இப்படி நல்ல மனிதர்கள் பிறகு கட்டித் தருவதாகச் சொன்ன இரண்டு மதகுகளை அவளுக்குத் தெரியும். இரண்டும் காகிதத்தில் மட்டும் ஜோராகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. அவள் கையெழுத்துப் போடவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஏரித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட வேண்டும். மேல்மடைக் கழனிகளில் அறுவடை முடிந்துவிட்டது. வாய்க்கால் முடியும் கடைமடையில் நாலைந்து பேர் மட்டும் தாமதமாக நட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி காத்தாயி, அறிவுமதியின் அம்மா. காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள், முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்துத் தனக்கென்று நட்டிருந்தாள். கதிர் இப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஏரி காலியானால் அதற்குப் பாய வேறு தண்ணீர் இல்லை.

"இன்னும் ரெண்டு மூணு தண்ணி கட்டிட்டா தேறிடும்டி. அப்பறமாத் தொறந்துக்கோங்க" என்றாள் காத்தாயி, சோறு போட்டுக்கொண்டே.

"அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும்மா."

"முடிஞ்சா இன்னா? காசு எங்க ஓடிப்பூடும்?"

"சட்டசபைல ஒரு வருசத்துக்குத்தான் கை தூக்குறாங்க. வருசம் முடிஞ்சிதுன்னா அந்தக் காசத் தொட கவருமெண்டுக்கே உரிமை இல்ல. திரும்பக் கேக்கணும். அரசியல் சட்டத்துலயே அப்படித்தான் இருக்குது."

"கை தூக்கனவங்க ஏரிய வந்து பாத்தாங்களா?"

அறிவுமதியிடம் பதில் இருந்தது. ஊர்ப் பணத்தைக் கேட்பாரற்றுச் செலவழிக்க விடலாமா, அதற்கு ஒரு கட்டு வேண்டாமா? வேலைக்கான தேர்வுக்குப் படித்தபோது அந்தப் பகுதியை எவ்வளவு விரும்பிப் படித்தாள். இப்போதும் அது சரியென்றே பட்டது. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தாள்.

"தங்கராசு கேக்கற சைனப் போட்டுடேன். ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"அப்பறம் மதகு வராதும்மா. மழைல கர ஒடைஞ்சா மொதல்ல நம்ம தெருவுதான்."

காத்தாயி குழம்புச் சட்டியை மூடிவிட்டு எழுந்து போனாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கரையில் கூட்டம் கூடியது. பாசன சங்கத் தலைவர் இளையபெருமாள், "ஒங்கம்மா கழனி பச்சையா இருக்குதேம்மா" என்று இழுத்தார்.

"தெரியும் மாமா. நான் இன்னா சொன்னாலும் தப்பாப் பூடும். நீங்களே முடிவு பண்ணுங்க."

திறக்கலாம் என்று கைகள் உயர்ந்தன. கடைமடைக்காரர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை நெல் தருவோம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டத்தின் ஓரத்தில் காத்தாயி முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அறிவுமதியும் பார்க்கவில்லை.

மதகின் ஷட்டரை ஏற்றியதும் தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. வேலையாட்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். அறிவுமதி வரப்பு வரப்பாகக் கடைமடைக்கு ஓடினாள்.

காத்தாயி முழங்கால் சேற்றில் நின்று வரப்பை உயர்த்திக்கொண்டிருந்தாள். மடைவாயை அகலமாக வெட்டிவிட்டிருந்தாள். வருகிற தண்ணீரெல்லாம் அவள் கழனிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"கதிர் சாஞ்சிடும்மா!"

"நின்னு பாக்காத. அந்தாண்ட ஒடையுது, போ."

அறிவுமதி சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அடைத்தாள். அடைக்க அடைக்க விரல்களுக்கிடையே தண்ணீர் பிதுங்கியது.

"எவ்ளோதாம்மா நிக்கும் இதுல?"

தண்ணீர் புதுமண்ணின் மேல் ஏறி, மெல்லிய தகடாக மறுபக்கத்து ஓடையில் விழத் தொடங்கியது. காத்தாயி குனிந்து இன்னும் ஒரு கை மண்ணை அள்ளினாள்.