பல் பக்கமே விழுந்த மூடி

ராதெக் ஊரைவிட்டுக் கிளம்பி மூன்று வருடம் நாலு மாதம் ஆகிறது. இதை யாரும் கேட்காமலே சொல்லுவான். கேட்டுவிட்டால் போச்சு, அன்றைய பொழுது அவ்வளவுதான். அவனுடைய அப்பா செக் நாட்டில் பெர்னோ நகரத்தில் டிராம் வண்டி ஓட்டியவர். முப்பது வருடம் ஒரே தடம், ஒரே வட்டம், ஒரே பதினேழு நிறுத்தம். அந்த மாதிரி வாழ்க்கை நமக்கு வேண்டவே வேண்டாம் என்று முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு புறப்பட்ட ஆள் இவன்.

திட்டம் என்று எதுவும் கிடையாது. பாதை எங்கே இரண்டாகப் பிரிந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு பியர் புட்டி மூடியை எடுத்துச் சுண்டுவான். படம் போட்ட பக்கம் மேலே வந்தால் வலது, விளிம்பில் பல் பல்லாக இருக்கிற உள்பக்கம் மேலே வந்தால் இடது. கொஞ்ச நாளாகப் போகலாமா, இருக்கலாமா என்பதற்கும் அதே மூடிதான். படம் என்றால் போ, பல் என்றால் இரு. இப்படி விதி விட்ட வழியே போனதில் லாவோஸ் நாட்டுப் பாக்சே நகரத்துக்கு மட்டும் நாலு தடவை போய்விட்டான். நாலாவது தடவை அங்கே நூடுல்ஸ் கடைக்காரம்மா இவன் வாயைத் திறக்கும் முன்னே கிண்ணத்தை நீட்டிவிட்டாள். அந்த ஊருக்கும் தனக்கும் ஏதோ விட்டகுறை தொட்டகுறை என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது ஐந்து வாரமாக மீகாங் ஆற்றுத் தீவில், பூன்தோங் என்பவர் வாடகைக்கு விடும் மூங்கில் குடிசைகளில் ஒன்பதாவது குடிசை. தினமும் காலையில் மூடியைச் சுண்டுவான். தினமும் 'இரு' என்று வரும். உடனே போய்க் குடிசைக்குப் பின்னால் இருந்த தூளி ஊஞ்சலில் படுத்துக்கொள்வான்.

பூன்தோங்குக்கு வயிறு எரிந்தது. குடிசையைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை, மற்ற எட்டும் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் அந்தத் தீவிலேயே அவர் பெண்டாட்டியின் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியாத ஊஞ்சல் அது ஒன்றுதான். ஐந்து வாரமாக மனிதருக்கு மதியத் தூக்கம் இல்லை. படுக்கலாம் என்று எங்கே சாய்ந்தாலும் ஜன்னலிலிருந்து ஒரு வேலை வந்து விழுந்தது.

இதில் இங்குன் வந்து சேர்ந்தாள். நார்வேக்காரி, ஊரைவிட்டு வந்து இருபத்தாறு மாதம். அவளுக்கும் திட்டம் கிடையாது. முதலில் எந்த வண்டி வருகிறதோ அதில் ஏறிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு தடவை அப்படி ஏறிய வண்டி இழவு வீட்டுக்குப் போகிற வண்டி. மூன்று நாள் அங்கேயே தங்கி, யார் செத்தது என்றே தெரியாமல் எல்லாரோடும் சேர்ந்து அழுதுவிட்டு வந்தாள். இதை அவள் சொல்லச் சொல்ல ராதெக் சிரித்த சிரிப்பில் பப்பாளிக்காய் சாலட் மூக்கு வழியாக வந்துவிட்டது. அதில் மிளகாய் எத்தனை போடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். அப்படியும் அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. அன்றைக்கே ஆள் காலி.

நாலு வாரம் இரண்டு பேரும் ஒரே கூடையில் கைவிட்டு அந்த ஊர் ஒட்டுச்சோறு தின்றார்கள். ஆனால் இந்த முதுகுப்பைக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சோப்பைக் கேட்கலாம், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்கலாம், அவசரத்துக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடக் கேட்கலாம். 'நாளைக்கு எங்கே போறே, நானும் வரட்டுமா?' என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் பெண் பார்க்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். அதனால் இவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு இங்குன் பையை மாட்டிக்கொண்டு ஊஞ்சல் பக்கம் வந்து நின்றாள்.

"கெளம்பிட்டியா?" என்றான் ராதெக்.

"ம். இன்னையோட விசா முடியுது. நாட்ட விட்டுப் போயாகணும்."

"எந்தப் பக்கம் போற?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. இங்குன் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன திடீர்னு இதெல்லாம் கேக்குற?"

"சும்மா. வாய் தவறி வந்துருச்சு."

"எந்தப் படகு மொதல்ல வருதோ, அதுல." பையின் தளராத பட்டையை ஒரு தடவை இழுத்துக் கட்டினாள். "சரி, அப்போ."

"சரி, அப்போ," என்றான் இந்த மடையன்.

அவள் போய்விட்டாள். பதினொரு மணிவரை ஊஞ்சலில் வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்று வேண்டும் என்றிருந்தது. அவளோடு போகவேண்டும், வேறொன்றும் இல்லை. மெல்ல இறங்கி உட்கார்ந்து மூடியைச் சுண்டினான்.

பல்.

பூன்தோங் கையில் துடைப்பத்தோடு வந்து பெருக்குகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி பண்ற?"

"போலாமான்னு கேக்குறேன் அண்ணே."

துடைப்பம் எங்கேயோ போய் விழுந்தது. "நல்ல கேள்வி. இரு இரு, மூணுல ரெண்டு பாப்போம். ஒரே தடவைல எப்படித் தெரியும்?"

பல். பல்.

"அஞ்சுல மூணு வெச்சுக்குவோம்," என்றார் பூன்தோங்.

மறுபடியும் பல். முற்றத்தில் காவல் தெய்வத்துக்குக் கட்டியிருந்த குட்டி வீட்டுக்குப் பூன்தோங் ஓடி ஒரு உருண்டை ஒட்டுச்சோறு வைத்துவிட்டு வந்தார். அப்புறமும் பல். ராதெக் கண்ணை மூடிய நேரம் பார்த்துக் கால் கட்டைவிரலால் மூடியைப் புரட்டப் பார்த்தார். அவன் பார்த்துவிட்டான்.

"அண்ணே, அது தப்பு."

"எறும்பு கடிச்சிருச்சுப்பா."

பதினைந்து தடவை ஆயிற்று. பதினைந்தும் பல். ராதெக்கின் முகம் செத்துப்போயிற்று. விதியே வேண்டாம் என்கிறது, இனி என்ன செய்ய?

பூன்தோங் பொறுமை இழந்து மூடியைப் பிடுங்கினார். இருபது வருடமாகப் புட்டி திறக்கிற கை அது. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், வெயிலில் காட்டினார், உள்ளே நகத்தால் கீறினார்.

"தம்பி, இது என்ன உள்ள?"

"அது மூடியோட ரப்பர்."

"ரப்பரா? சூயிங் கம்முப்பா இது. காஞ்சு கல்லாயிருக்கு. படத்துப் பக்கம் இவ்ளோ கனம் இருந்தா அது கீழதான் போகும். நீ நூறு தடவ போட்டாலும் பல்லுதான் மேல வரும்." பிறகு சந்தேகத்தோடு கேட்டார். "எத்தன நாளா இப்படி இருக்கு?"

மூடியைச் சட்டைப் பையில் போட்ட முதல் நாளே அந்தப் பையில் மென்ற சூயிங் கம் இருந்தது. ராதெக்குக்கு அது நன்றாக நினைவு இருந்தது, அந்தச் சட்டையைத் துவைக்க மூன்று வாளி தண்ணீர் ஆயிற்று.

"நீ எப்பவாச்சும் வலப்பக்கம் திரும்பியிருக்கியா?" என்றார் பூன்தோங்.

ராதெக் யோசித்தான். வியட்நாமில் இடது. கம்போடியாவில் இடது. இடது, இடது, பாக்சே. இடது, இடது, பாக்சே. மூன்று வருடம் நாலு மாதம் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வட்டமடித்திருக்கிறான். நிறுத்தம் உட்பட எல்லாம் இருந்தது. அப்பாவுக்காவது சம்பளம் கொடுத்தார்கள்.

"அடப்பாவி, டிராம்தான் ஓட்டியிருக்கேன்," என்றான்.

பூன்தோங்குக்கு டிராம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஆள் எழுந்து நிற்கிறான் என்பது தெரிந்தது. கொடியில் கிடந்ததை எல்லாம் ஈரத்தோடு அள்ளி அவன் பைக்குள் திணித்தார், அவசரத்தில் தன்னுடைய கைலியையும் சேர்த்து. "ஓடு தம்பி, ஓடு, படகு போயிரப் போகுது," என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். ராதெக் தென்னந்தோப்பைத் தாண்டும் முன்பே ஊஞ்சல் கயிறு முனகுகிற சத்தம் கேட்டது.

ஓடும்போது அவனுக்கு அழுகை அழுகையாக வந்தது. எட்டு மணிக்குப் போனவள். மணி இப்போது பன்னிரண்டு. எந்தப் படகில் ஏறினாளோ, எந்தத் திசையோ, கேட்கக்கூடத் துப்பில்லாமல் ஊஞ்சலில் கிடந்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினான். செருப்பு ஒன்று அறுந்தது. அதையும் விட்டுவிட்டு ஓடினான்.

படகுத்துறையில் இங்குன் தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். மூக்கும் தோளும் வெயிலில் சிவந்து கன்றியிருந்தன.

"படகு வரலியா?" என்றான் மூச்சு வாங்க.

"வந்துச்சு."

"எத்தன?"

"ஆறு." அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணுல நாய் இருந்துச்சு. ஒண்ணு ரொம்ப பச்சையா இருந்துச்சு. மத்ததுக்குக் காரணம் யோசிச்சுட்டு இருக்கேன். மூடி என்ன சொல்லுச்சு?"

"போகாதன்னு சொல்லுச்சு. பதினஞ்சு தடவ."

"அப்புறம்?"

"வந்துட்டேன்." கேட்டேவிட்டான். "நானும் கூட வரட்டுமா?"

அவள் பெண் பார்க்க வந்தவனைப் பார்ப்பது மாதிரித்தான் பார்த்தாள். ஆனால் அது நல்ல பார்வை.

"நாலு வாரமா இத கேக்க உனக்கு என்ன கேடு?" என்றாள்.

ஏழாவது படகில் ஏறினார்கள். சூயிங் கம் கதையைப் போகும்போதே சொல்லிவிட்டான். அக்கரையில் இறங்கி மேடேறினால் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பாக்சே போகிற ரோடு, வலப்பக்கம் எல்லைக்குப் போகிற ரோடு. ராதெக்கின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி. மூடி பூன்தோங்கிடமே தங்கிவிட்டது. அவன் கால்களும் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டன. இங்குன் அவன் பைப்பட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள். கேட்கக்கூடாத கேள்வியை இந்தத் தடவை அவளே கேட்டாள்.

"வலது," என்றான் ராதெக்.

"எப்படித் திரும்பணும்னு தெரியுமா?"

"தெரியாது. நீ முன்னால போ, பாத்துக்கறேன்."