சுப்பராயன் சொன்ன ராசி

சுப்பராயனுக்குத் தன் ராசி என்னவென்று தெரியாது. கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரக் குடிசையில் பிறந்தவன். அவனைப் பெற்ற அன்று அவன் அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கவே ஆளில்லை, இதில் நேரம் குறித்து ஜாதகம் எழுத யார் வரப்போகிறார்கள்? ராசி இல்லாமலே வளர்ந்தான், ராசி இல்லாமலே கன்னியம்மாவைக் கட்டினான், ராசி இல்லாமலே இரண்டு பெண்களைப் பெற்றான். எதிலும் ஒரு குறையும் வரவில்லை. வேலை செய்யும் இடத்தில்தான் அது தேவைப்பட்டது.

அவன் வேலை தொட்டி கழுவுவது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சாலையோரம் நிற்கிற ஆலைகளில் எண்ணெய்த் தொட்டி, சாயத் தொட்டி, கழிவுத் தொட்டி என்று எத்தனையோ உண்டு. எப்போதாவது யாராவது உள்ளே இறங்கி, அடியில் தங்கிய வண்டலை வாளியில் அள்ளி மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆலை ஆட்கள் இறங்க மாட்டார்கள். அவர்கள் கான்ட்ராக்டரைக் கூப்பிடுவார்கள், கான்ட்ராக்டர் மேஸ்திரி திருமலையைக் கூப்பிடுவார், திருமலை சுப்பராயனையும் பகலவனையும் கூப்பிடுவார். இவர்கள் இருவருக்கும் கூப்பிட வேறு ஆள் கிடையாது. ஆகவே இறங்கினார்கள்.

திருமலை மீனவக் குப்பத்து ஆள். கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கரைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தார். காரணம், அன்று அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் எட்டாம் இடத்தில் நிற்கிற நாள், எதுவும் விளங்காத நாள். கூடப் போக வேண்டிய பங்காளிகள் மூன்று பேர் திரும்பவில்லை. அதற்கப்புறம் திருமலைக்குக் காலண்டர்தான் சாமி. தினமும் காலையில் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். டீக்கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்று வாசிப்பார். அந்த ராசிக்காரன் அன்று தொட்டிக்குள் இறங்க வேண்டாம். மேலே நின்று வாளிக் கயிறு இழுத்தால் போதும். யாரும் கேலி பேசக் கூடாது.

பகலவன் மட்டும் பேசுவான். அவன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்காரன், பௌத்தன், ஒரு காலத்தில் பேட்டையே அறிந்த பந்தாட்டக்காரன். "எங்க வூட்லயும் காலண்டர் கீது மேஸ்திரி. தாளுக்குப் பின்னாடி எம் பொண்ணு பூனை வரையும். நல்லா வழவழன்னு கீதாம்" என்பான். திருமலையும் விட மாட்டார். "உனக்குத்தான் ராசி, நட்சத்திரம் ஒண்ணும் கெடையாதே நைனா. சந்திரன் உன்னிய கண்டுக்க மாட்டாரு. நீ எறங்கு" என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

சுப்பராயன் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வதில்லை. அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஜகா. பின்வாங்குகிறவனை ஜகா வாங்குகிறான் என்பார்கள் இல்லையா, அதுதான். எண்ணூரில் ஒரு எண்ணெய்த் தொட்டி வாசலில் ஒரு தடவை அவன் நின்றுவிட்டான். மனசுக்கு என்னவோ சரியில்லை, இறங்க மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. திருமலை வேறு இரண்டு ஆட்களை இறக்கினார். அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலையை முடித்து, குளித்து, பிரியாணி தின்றார்கள். ஒரு மண்ணும் நடக்கவில்லை. அதிலிருந்து அவன் ஜகா சுப்பராயன். ஒரு மாதம் அவனை வேலைக்கே கூப்பிடவில்லை.

பகலவன் மட்டும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. ராயபுரத்தில் கப்பல் பெட்டி இறக்குகிற யார்டில் இருவரும் வேலை பார்த்த நாளில், காரணமே இல்லாமல் சுப்பராயன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். மறு நொடி கிரேன் கொக்கி அறுந்து அவன் நின்ற இடத்தில் விழுந்தது. "உனக்கு எப்டிடா தெரிஞ்சுது?" என்று பகலவன் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். சுப்பராயனுக்குத் தெரியாது. கம்பி கிறீச்சென்றிருக்கும், காது கேட்டிருக்கும், மூளைக்குச் சொல்வதற்குள் கை நீண்டிருக்கும். நம் உடம்பு எழுதப் படிக்கத் தெரியாத ஆள். தெரிந்ததைக் காரணம் சொல்லி விளக்க அதற்கு வராது. உதறிக் காட்டத்தான் வரும்.

இந்தக் கதை நடந்தது ஒரு புதன்கிழமை. திருவொற்றியூரில் ஓர் ஆலையின் பின்பக்கம், தரைக்கடியில் கழிவுத் தொட்டி. டீக்கடையில் திருமலை தாளை வாசித்தார். துலாம் ராசிக்குச் சந்திராஷ்டமம். "நம்பள்ல துலாம் யாரும் இல்ல. நல்லதாப் போச்சு" என்று தாளை மடித்து வைத்தார்.

இரும்பு மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். இந்த வேலையில் அதுதான் வழக்கம். மூடியைத் திறந்து போட்டுவிட்டு நாற்றம் போகிற வரை காத்திருப்பது. நாற்றம் போனால் உள்ளே நல்ல காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். மேஸ்திரிக்கு மேஸ்திரி இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கருவி வைத்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் இந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது.

முதலில் இறங்க வேண்டியது சுப்பராயன். நாற்றம் மட்டுப்பட்டதும் தொட்டி வாயருகே குந்தி, ஏணியின் முதல் படியில் கால் வைத்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். விளிம்பு வரைக்கும் நாற்றம் லேசாக இருந்தது. தலை உள்ளே போனதும் அது சட்டென்று இல்லாமல் போயிற்று. குறையவில்லை. ஒரேயடியாக நின்றுபோயிற்று. அவன் பின்கழுத்தில் மயிர் எழுந்தது. வைத்த காலை எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது, ஓரமாக வந்து நின்றிருந்தான்.

"இன்னா ஜகா?" என்றார் திருமலை. குரலில் சிரிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. "மறுபடியும் மனசு சரியில்லியா?"

பகலவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். "இன்னாடா மாமு? இன்னா ஆச்சு? சொல்லு."

சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஆனால் நாற்பது வயது ஆம்பிளை, இரண்டு பெண்களுக்கு அப்பன், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நாளைக்கு டீக்கடையில் எப்படி நிற்பான்? எண்ணூரில் நடந்த மாதிரி இதுவும் ஒன்றுமில்லாமல் போனால்? வேலை போகும், இருக்கிற கொஞ்சம் மானமும் போகும். சுப்பராயன் திருமலையின் சட்டைப் பையைப் பார்த்தான். காலண்டர் தாளின் நுனி வெளியே தெரிந்தது.

"எனக்கு துலாம் மேஸ்திரி" என்றான். "இன்னிக்கு எனக்கு சந்திராஷ்டமம்."

"துலாமா? உனக்குத்தான் ராசியே தெரியாதுன்னுகினு இருந்த?"

"போன வாரம் எங்க வூட்ல ஜோசியராண்ட போய் பாத்துகினு வந்தாங்க. சொல்ல மறந்துட்டேன்."

திருமலையின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே அடங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அட பேமானி, இத காலைலயே சொல்றதுக்கு இன்னா? நவுரு, நவுரு. அந்த வாயாண்டயே நிக்காத." பயத்துக்குக் கிடைக்காத மரியாதை ராசிக்குக் கிடைத்தது. சுப்பராயனுக்கு அப்பாடா என்று இருந்தது. அதுதான் உண்மை. பிற்பாடு எத்தனை அழுதாலும் அந்த அப்பாடாவை அவனால் அழிக்க முடியவில்லை.

பகலவன் முகமும் மாறியது. கவலை போய், பழைய கேலி வந்து உட்கார்ந்தது. "நாசமா போனவனே, நீயுமாடா? நான்கூட உன் உடம்பு இன்னாவோ சொல்லுதுன்னு பேஜாராய்ட்டேன். கடைசில சந்திரனா?" துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினான். "இந்தா, கயித்தப் புடி. நான் எறங்குறேன்."

"டேய், இருடா. கொஞ்ச நேரம் போவட்டும்" என்றான் சுப்பராயன். அவன் கையைப் பிடிக்கக்கூடச் செய்தான்.

"கொஞ்ச நேரத்துல சந்திரன் எடம் மாறிடுவாரா?" பகலவன் கையை உதறிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். "பாரு மேஸ்திரி, நாத்தம்கூட சுத்தமா போயிடுச்சு."

பாதி ஏணிகூட இறங்கியிருக்க மாட்டான். வாளி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு கனமாக இன்னொரு சத்தம். கூப்பிட்டார்கள். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் வண்டலில் குப்புறக் கிடந்தான். துண்டு மட்டும் அவிழாமல் தலையில் இருந்தது. சுப்பராயன் அலறிக்கொண்டு ஏணியில் பாய்ந்தான். திருமலை பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் உருண்டார்கள். "வேணான்டா! இன்னிக்கு உனக்கு ஆவாதுடா!" என்று கத்தினார் திருமலை. அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் வாயில் வந்தது. அந்தப் பிடி சுப்பராயன் உயிரைக் காப்பாற்றியது என்பதும் உண்மைதான், என்ன செய்வது.

தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஆட்கள் இறங்கி, பகலவனைத் தூக்கி வெளியே போட்டபோது அவன் உயிர் போய் வெகுநேரமாகியிருந்தது. முகமூடியைக் கழற்றிய ஒருவர் மூடியைக் காட்டிக் கேட்டார், எப்போது திறந்தீர்கள் என்று. நாற்றம் அடங்கின பிறகுதான் இறங்கினான் என்றார் திருமலை. தீயணைப்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நாத்தம் நின்னுபோனா கேஸ் போயிடுச்சுன்னு யாருய்யா சொன்னது? கேஸ் ரொம்ப அதிகமானா மூக்கு மரத்துடும். நாத்தம் தெரியாது. அதான் ஆபத்தே."

சுப்பராயன் தரையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்தத் தொட்டியைத் திறந்தாலும் கரப்பான் பூச்சிக் கூட்டம் வெளியே ஓடிவரும், கால் மேலெல்லாம் ஏறும். இன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. கண் பார்த்திருக்கிறது. மூக்கு கவனித்திருக்கிறது. உள்ளே இருந்தது எல்லோருக்குமான சாவு. அவன் அதைத் தனக்கு மட்டுமான கெட்ட நேரமாக்கி, தன்னை மட்டும் அதிலிருந்து விலக்கிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் வியாசர்பாடிக்கு உடல் வந்தது. போர்டு கட்டடத்தின் கீழே பந்தல் போட்டு, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் திருமலை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, பாவம், அவர் நம்பியதைத்தான் சொன்னார். "எறங்க வேண்டியது இவன்தான். காலடி வச்சுட்டான். ராசி தடுத்துச்சு. பகலவன் நம்ப மாட்டான், தெரியும்ல? அதான் போய்ட்டான்." கூட்டம் சுப்பராயனைப் பார்த்தது. சிலர் அவன் தோளைத் தொட்டார்கள். செத்தவன் தன் அவநம்பிக்கையால் செத்தான் என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஜெயக்கொடி அருகே வந்து மெதுவாகக் கேட்டாள். "எந்த ஜோசியருண்ணா அது? எம் புள்ள ஆர்பர்ல கப்பல் சரக்கு எறக்குற வேலைக்குப் போவுது. ஒரு தபா காட்டிடலாம்னு பாக்குறேன்."

உள்ளேயிருந்து ரமாபாய் அவனைக் கூப்பிட்டாள். பகலவன் மனைவி. அழுது ஓய்ந்து, அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

"இப்டி குந்துண்ணா" என்றாள். "நேத்து ராவெல்லாம் உங்க வூட்டு கன்னியம்மா அக்கா எங்கூடத்தான் குந்திகினு இருந்துச்சு. ஜோசியரப் பத்திக் கேட்டேன். எந்த ஜோசியர், நாங்க எங்கயும் போவலியேன்னு சொல்லுது. உனக்கு துலாம்னு யாரு சொன்னது?"

சுப்பராயன் தரையைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். தலையை உள்ளே நீட்டியது, நாற்றம் நின்றது, கால் தானாகப் பின்வாங்கியது, மேஸ்திரி சிரிக்க ஆரம்பித்தது, சட்டைப் பையில் தெரிந்த தாள்.

"பயமா கீதுன்னு அவராண்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"இன்னாடா ஆச்சுன்னு அவரு கேட்டாரா, கேக்கலியா?"

"கேட்டான்."

"அப்பவும் சொல்லல."

"மேஸ்திரி சிரிப்பாருன்னு..."

ரமாபாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். "பயமா கீதுன்னு நீ சொல்லியிருந்தா அவரு எறங்கியிருக்க மாட்டாரு. வேற யாரையும் எறங்க வுட்டுருக்க மாட்டாரு. உன்னிய அவ்ளோ நம்புனாரு. அந்த மனுசன் ஒலகத்துலயே நம்பாதது ஒண்ணே ஒண்ணு. அதத் தேடிப் புடிச்சு சொல்லிக்கீற."

வெளியே புத்தம் சரணம் என்று திரிசரணம் சொல்லத் தொடங்கினார்கள். தூக்குவதற்கு நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ரமாபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் ஜோசியர் பேரக் கேட்டுகினு கீறாங்க. நாளைக்கு அவனவன் தாளப் பாத்துகினு தொட்டியில எறங்குவான். போய் சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு."

சுப்பராயன் வெளியே வந்தான். பாடைக்குப் பக்கத்தில், பகலவன் முகம் தெரிகிற மாதிரி நின்றான். திருமலை ஒதுங்கி இடம் விட்டார். அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று தெரிந்து கூட்டம் அமைதியானது.

"எனக்கு ராசி தெரியாது" என்றான். "ஜோசியர் யாரும் இல்ல. உள்ள தலைய நீட்டுனப்போ எனக்கு பயமா இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.