சர்க்குலர் வீட்டுக் குட்டிகள்

"மனித குல வரலாறு என்பது வேறொன்றுமில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கையைப் பற்றிக் குலுக்கக் கற்றுக்கொண்ட வரலாறே அது."

'மனித உறவுகள்: ஒரு வழிகாட்டி' என்ற நூல் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனியில் மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்வீட்டுக்காரர்களோடு அவர் கடைசியாகத் தொடர்பு கொண்டது, அவர்கள் வீட்டுச் செருப்பு ஒன்று இவர் வாசல் பக்கம் அரைச் சாண் நீண்டு கிடந்தபோது. அதையும் வாயால் சொல்லவில்லை. லிஃப்டுக்குள் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்.

செருப்பு, குப்பைக் கூடை, மாடிப்படியில் பந்து விளையாடுவது, ஈரத்துணியை உதறுவது என்று அந்தக் கட்டிடத்தில் அவர் சுற்றறிக்கை ஒட்டாத விஷயம் தும்மல் ஒன்றுதான். அதனால் குடியிருந்தவர்கள் எல்லோரும் அவருக்கு 'சர்க்குலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

நூலைச் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தார். வாங்க நாதியில்லாத பிரதிகள் பின்னறையில் அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய நாய் பொம்மி, வீடு முழுக்க இடம் தேடி அலைந்து, கடைசியில் அதில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஐந்து குட்டிகளைப் போட்டது. அந்த நூலால் ஒரு உயிருக்காவது பயன் ஏற்பட்டது அன்றுதான்.

பொம்மிக்குப் பரம்பரைச் சான்றிதழ் உண்டு. குட்டிகளின் தகப்பனுக்கு அப்படி எதுவும் இல்லை. பேக்கரி வாசலில் படுத்துக்கிடக்கும் கறுப்பன்தான் தகப்பன் என்பது குட்டிகள் கண் திறப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சர்க்குலர் மட்டும் "கலப்பினம்" என்பார். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்த அவர் மனைவி, "பேக்கரிக்காரர் வாரிசுங்க" என்பாள்.

தடுப்பூசி பற்றிக் கேட்கப் போனபோது நாய் டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார்.

"ஊசியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க பண்ண வேண்டியது வேற. மூணு மாசம் ஆறதுக்குள்ள இதுங்க எல்லா மாதிரி ஆளுங்களையும் பாத்துடணும். தாடி வச்சவங்க, ஹெல்மெட் போட்டவங்க, குடை பிடிச்சவங்க, குச்சி ஊனி நடக்கிறவங்க, சின்னப் பசங்க. இப்ப பாக்காததை அதுங்க வாழ்நாள் பூரா நம்பாது. பயந்த நாய்தான் சார் கடிக்கும்."

"மனித உறவுகள் என் துறை, டாக்டர்" என்றார் சர்க்குலர்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வர்றவங்க கை கழுவிட்டு, செருப்பை வெளிய விட்டுட்டு வரட்டும்."

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். கல்யாணமாகிப் போன பிறகு அவள் அப்பாவிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் பொருளோடு சேர்ந்து ஒரு உரையும் வரும் என்று அவளுக்குத் தெரியும். போன் செய்தாலும் "அம்மா இருக்காங்களா" என்றுதான் ஆரம்பிப்பாள். இந்தத் தடவை அப்பாவிடமே பேசினாள்.

"பாப்பாவுக்கு ஒரு குட்டி வேணும்ப்பா. ஆனா பாருங்க, எங்க வீட்டுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. மனுசங்களைக் கண்டா பயப்படற குட்டின்னா வேண்டாம். நேர்ல வந்து பாத்துட்டுதான் எடுப்பேன்."

போனை வைத்த பிறகு சர்க்குலர் நேரே சமையலறைக்குப் போனார். மனைவியிடம், "என்கிட்டயே கேட்டுட்டா" என்றார்.

"கேட்டாளா, சரி. குடுக்கிற மாதிரி வளர்த்து வைங்க."

அவர் வளர்த்தார். தரைக்குப் பழக்க வழுவழுப்பான பலகை, கால்மிதி, மிதித்தால் டப் டப்பென்று வெடிக்கும் பிளாஸ்டிக் தாள். சத்தத்துக்குப் பழக்க மிக்ஸி, குக்கர் விசில், தலைமுடி உலர்த்தும் மெஷின். அதிலெல்லாம் குட்டிகள் தேறிவிட்டன. மிக்ஸி ஓடும்போது வாலாட்டின. குக்கர் விசிலடித்தால் சோறு வருகிறது என்று வரிசையில் நின்றன. மிச்சமிருந்தது மனிதர்கள் மட்டும்.

"எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிடுங்களேன். மேல்வீட்டு லாரி டிரைவருக்குத் தாடி இருக்கு. பசங்களுக்குப் பஞ்சமே இல்ல" என்றாள் மனைவி.

சர்க்குலர் யோசித்தார். தையல்காரம்மாவுக்குச் செருப்பு விஷயமாக எழுதியிருந்தார். லாரி டிரைவருக்கு, அகால நேரத்தில் படியேறும் ஓசை பற்றி. பசங்களுக்கு மொத்தமாக, எண் போட்டு. பழக்க தோஷம், ஒரு சுற்றறிக்கை எழுதி லிஃப்டில் ஒட்டினார்.

'அனைத்துக் குடியிருப்போர் கவனத்திற்கு. நாய்க்குட்டிகளுடன் பழகும் நிகழ்வில் கலந்துகொள்ள விரும்புவோர் கை, கால்களைச் சுத்தம் செய்துகொண்டு, முன் அனுமதி பெற்று வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. காகிதத்தின் அடியில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'குட்டிக்கு வாலாட்ட அனுமதி உண்டா?'

வேறு யாராக இருந்தாலும் அடுத்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். சர்க்குலர் துணி பீரோவைத் திறந்தார். கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் கோபக்கார வாடிக்கையாளராகவும் அழும் ஊழியராகவும் அவரே நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவர். மனிதர்கள் வராவிட்டால் என்ன, மனித குலத்தையே தன் ஒரு உடம்பில் இறக்கிவிடலாம் என்று தீர்மானித்தார்.

காலையில் ஹெல்மெட் போட்ட ஆள். பத்து மணிக்கு மழைக்கோட்டும் குடையும். மதியம் குச்சி ஊன்றிய நொண்டி. மூன்று மணிக்குப் பஞ்சை ஒட்டித் தாடிக்காரன். மாலையில் மனைவியின் நைட்டி, தலையில் துண்டு, குரலைக் கீச்சென்று ஏற்றிக்கொண்டு "அச்சச்சோ, யாரு இது, யாரு இது, என் செல்லமா இது". முட்டி போட்டுத் தவழ்ந்து சின்னப் பையனாகவும் வந்தார். எழுந்திருக்கத்தான் மேஜைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பால்கனியில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால் எல்லாமே அங்கேதான்.

குட்டிகள் பரமானந்தமாக இருந்தன. ஹெல்மெட்டை நக்கின, குடைக்குள் புகுந்தன. தாடியைப் பிடுங்கி மூக்கன் என்ற குட்டி தின்றேவிட்டது. எதற்கும் ஒரு சின்னத் திடுக்கிடல்கூட இல்லை.

"எல்லா மாதிரி ஆளுங்களையும் பாத்தாச்சும்மா" என்று மகளிடம் போனில் சொன்னார். "நீ தைரியமா வரலாம்."

"யாருப்பா வந்தாங்க?"

"எல்லாத் தரப்பும்" என்றார் சர்க்குலர்.

மறுநாள் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்தார். தாடி கிடையாது, ஹெல்மெட் கிடையாது, குடையும் கிடையாது. கையில் ஒரு ஸ்பானரோடு சாதுவாக உள்ளே வந்து, "எங்கே சார் ஒழுகுது" என்றார்.

ஒழுகியது மூக்கனிடமிருந்து. நின்ற இடத்திலேயே போய்விட்டு, அதிலேயே வழுக்கி விழுந்து ஓடியது. இரண்டு குட்டிகள் வாஷிங் மெஷினுக்கு அடியில் நுழைந்தன. ஒன்று சுவரில் முட்டிக்கொண்டு சுவரையே உள்ளே விடும்படி பிராண்டியது. இன்னொன்று நடுக்கூடத்தில் நின்று, கொலை நடப்பது போல ஓலமிட்டது. பொம்மி சோபாவில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன சார்" என்றார் பிளம்பர், நகராமல். "மனுசனையே பாக்காததுங்க மாதிரி ஓடுதுங்க."

குழாய் சரியாகி, பிளம்பர் போய், குட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்த பிறகு மனைவி உட்கார வைத்துச் சொன்னாள்.

"வேஷம் நம்ம கண்ணுக்குத்தாங்க. அதுங்க மூக்கால பாக்குதுங்க. ஹெல்மெட்டுக்குள்ளயும் நீங்க, நைட்டிக்குள்ளயும் நீங்க. பாவம், என்னை விட்டா உலகத்துல மொத்தமே ஒரு ஆளுதான், அந்த ஆளு நேரத்துக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணுவான்னு நினைச்சிருக்குதுங்க."

"பொண்ணு மூணு வாரத்துல வரா."

"அப்ப எழுந்திரிங்க. எதிர்வீடு எட்டு அடிதான்."

அந்த எட்டு அடியைக் கடக்க அவருக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் வாசல்வரை போய், கதவில் ஏதோ தூசி தட்ட வந்தவர் மாதிரித் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். இரண்டாம் நாள் மணியை அழுத்தினார். தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். முதலில் குனிந்து தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தார்.

"செருப்பு இல்லம்மா" என்றார் சர்க்குலர். "குட்டி விஷயம்."

"அனுமதி வாங்கிட்டுதான் வரணும்னு எழுதியிருந்தீங்களே."

"அது… பொதுவா எழுதினது. நீங்க வரணும். நீங்கள்லாம் வரலைன்னா என் பொண்ணு குட்டியை எடுக்க மாட்டா."

சொல்லி முடித்தபோது அவர் குரல் சுற்றறிக்கைக் குரலாக இல்லை. தையல்காரம்மா கவனித்தார். ஆனால் அதற்காக விட்டுவிடும் ரகம் இல்லை அவர்.

"வர்றதுக்கென்ன சார். ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் அந்த நைட்டி போட்டுக்கிட்டு வர்றது யாரு? உங்க தங்கச்சியா?"

சர்க்குலர் குனிந்து, தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தார்.

"சும்மா கேட்டேன். எங்களுக்குத் தெரியாதா" என்றார் தையல்காரம்மா. "அஞ்சு மணி ஆனா உங்க பால்கனி தெரியற பால்கனி ஒண்ணுலயும் இடம் கிடைக்காது. மேல்வீட்டு டிரைவர் தூக்கத்தை விட்டுட்டு வந்து பாக்கறார். நொண்டி வேஷத்துல காலை மாத்தி மாத்தி நொண்டுறீங்கன்னு பசங்க சண்டை போட்டுக்குதுங்க. இந்தக் கட்டிடத்துல இப்பதான் சார் ஜனங்க ஒண்ணாக் கூடிப் பேசிக்கறோம்."

அவர் திரும்பிப் போகத்தான் நினைத்தார். கால் திரும்பியும்விட்டது. உள்ளேயிருந்து மூக்கன் கீச்சிடும் சத்தம் கேட்டது.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கே வரோம். ஆனா பசங்க சும்மா வராதுங்க. நீங்க வேஷம் போட்டாதான் வரும்."

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் மனித குலம் வந்தது. செருப்புகள் வெளியே குவியலாகக் கிடந்தன. ஒன்றிரண்டு அவர் கால்மிதியின் மேலேயே. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, யாரும் குட்டியைத் துரத்தவில்லை, தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பிஸ்கட் துண்டைப் போட்டுவிட்டு, குட்டியைப் பார்க்காதது போல ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர்வம்பு பேச யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் வாஷிங் மெஷினுக்கு அடியில் பத்துக் கண்கள் மட்டும் தெரிந்தன. அடுத்த நாள் ஒரு மூக்கு வந்தது. அதற்கடுத்த நாள் லாரி டிரைவரின் உள்ளங்காலை ஒரு நாக்கு நக்கிப் பார்த்தது. "ஊரெல்லாம் சுத்தின காலு, ருசி பாரு" என்றார் அவர், அசையாமல். ஒரு வாரம் போனதும், கதவு மணி அடித்தால் ஐந்தும் வாசலுக்கு ஓடின. ஓடும் அவசரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

சர்க்குலர் தினம் ஒரு வேஷத்தில் மூலையில் நின்றார். நொண்டும்போது எந்தக் கால் என்று பசங்கள் திருத்தினார்கள். ஒரு நாள் வழக்கமான கோபத்தோடு, "கால்மிதி மேல யார் செருப்பு?" என்றார். தாடி பாதி கழன்று தொங்கியதால் யாரும் பயப்படவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மாலையே, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முன்கூட்டிச் சொன்னால் அப்பா வரவேற்புரை தயாரித்துவிடுவார் என்று பயம். கூடத்தில் டிரைவர், தையல்காரம்மா, அரை டஜன் பசங்கள். நடுவில் நைட்டியும் தலையில் துண்டுமாக அப்பா.

"வாம்மா" என்றார் அப்பா, கீச்சுக் குரலில். பிறகு தொண்டையைச் செருமி, சொந்தக் குரலில் இன்னொரு தடவை, "வாம்மா."

மகள் கை கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். பாப்பாவும் உட்கார்ந்தாள். ஐந்து குட்டிகளும் நின்று பார்த்தன. மூக்கன் இரண்டடி வந்தது, நின்றது, பாப்பாவின் முழங்காலை முகர்ந்தது. மற்றவர்களிடம் செய்வது போலவே மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு படுத்தது.

"யாருப்பா இவ்வளவு நல்லாப் பழக்கினது?"

சர்க்குலர் நிமிர்ந்தார். "மனித உறவுகள் என்பது…"

"சார்" என்றார் தையல்காரம்மா.

"இவங்கதாம்மா" என்றார் சர்க்குலர்.

மகள் சிரித்தாள். விட்டு விட்டுச் சிரித்தாள். துண்டைப் பார்த்து ஒரு தடவை, நைட்டியின் பூக்களைப் பார்த்து ஒரு தடவை. "இதையே எடுத்துக்கறோம்ப்பா. ராத்திரி சாப்பிட்டுட்டுதான் போவோம்" என்றாள். அவள் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

எல்லோரும் போன பிறகு, மகளோடு மரியாதையாக உட்கார வேண்டும் என்று சர்க்குலர் உடை மாற்ற உள்ளே போனார். நைட்டியின் ஜிப் பனியனைக் கவ்விக்கொண்டு, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கிழித்துவிடலாம் என்று அவர் சொன்னதற்கு, அது புதுசு என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அன்றைய இரவுச் சாப்பாட்டை அவர் நைட்டியிலேயே சாப்பிட்டார்.