தாசில்தாரின் எல்லை

அந்த அலறல் கேட்டபோது தௌலத் பேகம் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பகல் பதினொரு மணி. அலறியது பூனையா மருமகளா என்று அவளுக்குப் பிரித்தறிய இயலவில்லை. களைந்த அரிசி கையிலிருந்து சிதற, அவள் நடுஅறைக்கு ஓடினாள்.

மருமகள் ஷாஹினா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று சிவந்த கோடுகள் ஓடியிருந்தன. இரத்தம் விரல் நுனிக்கு இறங்கித் தரையில் சொட்டியது. அவள் தலைக்கு மேலே, அலமாரியின் உச்சியில், பஞ்சு என்னும் அவளது வெள்ளைப் பூனை உடலைச் சுருட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே தௌலத் பேகத்தின் பூனை தாசில்தார் நின்றது. சாம்பல் வரிகள் கொண்ட அதன் உடல் இரு மடங்காகப் பருத்திருந்தது. தொண்டைக்குள்ளிருந்து, தூரத்தில் லாரி மேடேறுவது போன்றதோர் உறுமல் வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, அசையாத. அது கண்ணப் பாக்காத."

"மாமி, என்னைக் கடிக்க வரல. பஞ்சுவத்தான் பாய்ஞ்சிச்சு. நான் குறுக்க கைய நீட்டிட்டேன்."

தௌலத் பேகம் முறத்தைக் கேடயம்போல் முன்னே பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நகர்ந்தாள். எட்டு ஆண்டுகள் தன் மடியில் உறங்கிய பூனையை நோக்கி முறம் பிடிக்கும் நாள் வரும் என அவள் கனவிலும் எண்ணியதில்லை. நல்லவேளையாகத் தாசில்தார் ஒருமுறை சீறிவிட்டு, கொல்லைக் கதவு வழியே பாய்ந்து மறைந்தது.

கோவில்பட்டியின் அந்தத் தெருவில் தாசில்தாரை அறியாதவர் இலர். நாள்தோறும் காலையில் நான்கு வீட்டு மதில்களின் மீதும் நடந்து மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து பார்த்துத் திரும்புவதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. வேற்றுப் பூனை எதுவும் அந்த நான்கு வீடுகளுக்குள் ஒரு பொழுதுகூடத் தங்கியதில்லை. தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி, "பேகம்மா, ஒங்க தாசில்தாரு எங்க வீட்டுக்கும் சேத்துப் பட்டா மாத்திட்டாருல்லா! எங்க வீட்டுக்குள்ள நடக்க நானே மனுக் கொடுக்கணும் போல" என்று மதிலுக்கு அப்பாலிருந்து கேலி செய்வாள்.

இத்தகைய வீட்டுக்குத்தான் மூன்று வாரங்களுக்கு முன் பஞ்சு வந்து சேர்ந்தது. ஷாஹினாவின் தந்தை சபியுல்லா விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரி. அவரது கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பூனை அது. மணமாகி வந்த ஷாஹினா ஒரு மாதம் வாடிய முகத்தோடு இருப்பதைக் கண்ட தௌலத் பேகம், "அந்தப் பூனையத்தான் கொண்டாந்துருலே" என்று, பலசரக்குக் கடை வைத்திருக்கும் மகன் ஷேக் பரீத்திடம் தானே கூறினாள். அதோடு நில்லாமல், "வழி தெரியாத மாதிரி சாக்குல போட்டுக் கட்டு. ஊரு எல்லையில நின்னு மூணு சுத்து சுத்து. இல்லாட்டி வந்த வழியே திரும்பிப் போயிரும்" என்றும் அறிவுறுத்தினாள். பூனையை இடம் மாற்றுவோர் அப்பக்கத்தில் அவ்வாறே செய்வது வழக்கம். பரீத்தும் மாமனார் கிட்டங்கியில் கைக்கு அகப்பட்ட சாக்கொன்றில் பூனையைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொணர்ந்து, தாயின் சொற்படி மூன்று சுற்றும் சுற்றினான்.

அன்று தொடங்கிய போர் ஓயவில்லை. பஞ்சுவைச் சிறிய அறைக்குள் அடைத்து வைத்தார்கள். தாசில்தாரோ அக்கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து மணிக்கணக்கில் உறுமியது. ஒன்றன் வாசனை மற்றதற்குப் பழக வேண்டும் என்று ஷாஹினா கைப்பேசியில் பார்த்து அறிந்தாள். பஞ்சுவின் படுக்கை விரிப்பில் ஒரு துண்டை வெட்டித் தாசில்தாரின் தட்டருகே வைத்தாள். தாசில்தார் அதைக் கண்டதும் பின்வாங்கியது. பின் அதன்மேல் பாய்ந்து நார் நாராகக் கிழித்தது. இரண்டு நாள் அந்தத் தட்டில் வாய் வைக்கவில்லை. வெறும் விரிப்புத் துண்டையே இப்படிக் கிழித்தால் பூனையை என்ன செய்யும் என்று வீட்டார் அஞ்சி, அந்த முயற்சியையும் கைவிட்டனர். இன்று அறைக்கதவின் கொண்டி சரியாக விழாததால் இவ்வளவும் நேர்ந்தது.

அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு மனைவியை அழைத்து வந்த பரீத் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அம்மா, இது சரிப்படாது. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் தாசில்தாரப் பசுவந்தனைல கொண்டு விடப் போறேன். நம்ம ஆறுமுகசாமி அண்ணாச்சி காடு இருக்குல்லா, அங்கன எலி நெறையக் கெடக்கு."

"அங்கன நாயும் நெறையக் கெடக்கேலே."

"இன்னைக்குக் கையி. நாளைக்குக் கண்ணா இருந்தா என்ன செய்வீங்க?"

மகன் கூறியதில் பிழையில்லை என்று தௌலத் பேகத்துக்குத் தெரிந்தது. ஆயினும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு அவள் கண்முன் விரிந்தது: வெடித்துப் பிளந்த மண், ஏறி ஒதுங்க ஒரு மதிலும் இல்லாத வெட்டவெளி, நாய்கள். நான்கு மதில்களையே உலகமாகக் கொண்ட பூனை அங்கே எத்தனை நாள் பிழைக்கும்? வெள்ளிக்கிழமைக்கு இடையிலிருந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாசில்தார் வழக்கம்போல் மடியில் ஏற வந்தபோது, அவளையறியாமல் அவள் கால்கள் பின்னே இழுத்துக்கொண்டன. பூனை அதைக் கண்டு சற்றே நின்று, பின் விலகிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை நண்பகல். பரீத் பள்ளிவாசலுக்குச் சென்றிருந்தான். சாக்கு எடுத்து வைக்குமாறு கூறியிருந்தான். தேடிப் பார்த்ததில் வீட்டில் இருந்தது ஒரே சாக்குத்தான். பஞ்சு வந்த அதே சாக்கு. தன் தந்தை வீட்டுப் பொருளென்று அதைத் தூக்கி எறிய மனமின்றி, ஷாஹினா பஞ்சுவுக்குப் படுக்கையாக விரித்திருந்தாள். தௌலத் பேகம் அதை உருவிக்கொண்டு, அறைக்கதவை இறுகச் சாத்திக் கொண்டியையும் இருமுறை சரிபார்த்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள்.

தாசில்தார் துவைக்கும் கல்லின் மேல் சாந்தமாகப் படுத்திருந்தது. அவள் பத்தடி தொலைவில் வரும்போதே அதன் தலை நிமிர்ந்தது. அடுத்த நொடியில் மயிர் சிலிர்த்தது. முதுகு வில்லாக வளைந்தது. அதே உறுமல்.

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் பஞ்சு இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. அவ்வாறாயின் உறுமல் யாரை நோக்கி? என்னையா? ஓடினால் பாய்ந்துவிடும், நின்றாலும் பாய்ந்துவிடும். எதைப் பிடிப்பதென்று அறியாமல் கையிலிருந்த சாக்கை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. தாசில்தார் பாயவில்லை. பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து மதிலில் முட்டி நின்று, அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டது. தெருவையே ஆண்ட அந்தப் பூனை, அடிபடப் போகும் குட்டியைப்போல் காதுகளை மடக்கிக்கொண்டு நடுங்கியது.

தௌலத் பேகத்துக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, நான்கு. சாக்கை மார்பிலிருந்து விலக்கி உற்று நோக்கினாள். இழைகளுக்கிடையே வத்தல் தூள் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது.

அவள் அறிவாள். எட்டு ஆண்டுகளாக அறிவாள். அடுக்களையில் வத்தல் வறுக்கும் நாளில் தாசில்தார் மதிலேறிப் போனால் அந்தி சாயும்வரை திரும்பாது. அன்று, சாக்கு வந்த அன்று, அதன் வாயை அவிழ்த்து உதறியவள் அவளே. பக்கத்தில் நின்று முகர்ந்துகொண்டிருந்த தாசில்தாரின் கண்ணிலும் மூக்கிலும் தூள் முழுவதும் இறங்கிய அந்தக் கணத்தில்தான், உள்ளிருந்து வெள்ளையாய் ஒன்று குதித்தது. அன்றிலிருந்து பஞ்சுவோ அச்சாக்கிலேயே படுத்துப் புரள்கிறது. தாசில்தார் கிழித்த விரிப்புத் துண்டும் அதே சாக்கிலிருந்து வெட்டியதுதான்.

"ஏட்டி ஷாஹினா! இங்கன வா! பூனைக்குப் பூனை மேல கோவம் இல்லட்டி. பயம். இந்த எழவு நெடி மேல பயம்."

தொழுகை முடிந்து வந்த பரீத் இதை எளிதில் ஏற்கவில்லை. "கை கிழிஞ்சவ அவ. அவ சொல்லட்டும்" என்றான்.

ஷாஹினா கட்டுப் போட்ட கையால் சாக்கைத் தடவினாள். அவள் பிறந்த வீட்டின் வாசனை அதில்தான் எஞ்சியிருந்தது. பின் அதைச் சுருட்டி, "எட்டு நாள் பாப்போம். இத நீங்க கடைக்கு எடுத்துட்டுப் போயிருங்க" என்று கணவனிடம் நீட்டினாள்.

"எட்டே நாள்தான். அடுத்த ஜும்மாவுக்கு நான் வேற சாக்கோட வருவேன்."

அந்த எட்டு நாளும் அச்சம் வீட்டை விட்டு நீங்கவில்லை. பஞ்சுவை ஈரத்துணியால் நாளுக்கு இருமுறை துடைத்தார்கள். தாசில்தார் படுத்துப் பழகிய தௌலத் பேகத்தின் பழைய சேலையில் பாதியைக் கிழித்துப் பஞ்சுவுக்கு விரித்தார்கள். மூடிய கதவின் இருபுறமும் நெத்திலிக் கருவாடு வைத்து, தட்டுகளை நாளுக்கு ஒரு சாண் கதவருகே நகர்த்தினார்கள். ஐந்தாம் நாள் கதவை நான்கு விரற்கடை திறந்து, மேலும் திறவாதபடி அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தார்கள். அன்று தாசில்தார் சீறியதில் பஞ்சு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு கட்டிலடியில் ஒளிந்தது. தௌலத் பேகம் முறத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பரீத் வாசலில் நின்றான். கையில் புதிய சாக்கு இருந்தது. தௌலத் பேகம் பிஸ்மி சொல்லிக் குழவியை உருட்டிக் கதவை முழுவதும் திறந்தாள்.

தாசில்தார் நிலைப்படியைத் தாண்டியது. பஞ்சு அசையவில்லை. இரு மூக்குகளுக்கும் இடையே ஒரு சாண், பின் ஒரு விரல். தாசில்தார் முகர்ந்தது. தொண்டையில் லாரி புறப்பட்டது. ஷாஹினா தன் புண்பட்ட கையால் மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடி இருவருக்கும் வலித்தது. பஞ்சு மெல்லக் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உறுமல் நின்றது. தாசில்தார் மூன்றடி நடந்தது. பஞ்சுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைத் தூக்கி நக்கத் தொடங்கியது.

"மாமி, இது சிநேகமா?"

"சிநேகம் இல்லட்டி. முதுகக் காட்டுதுல்லா, இன்னைக்கு அது போதும். நீ கைய விடு, எலும்பு நோவுது."

பரீத் புதிய சாக்கை நான்காக மடித்து முகர்ந்து பார்த்தான். அதில் சீனி வாசனைதான் இருந்தது. தௌலத் பேகம் முறத்தைச் சுவரில் மாட்டினாள். குழவியை மட்டும் அடுக்களைக்குக் கொண்டு போகவில்லை. கால் எட்டும் தூரத்தில், கதவோரமாகவே கிடக்க விட்டாள்.