முகட்டுவிளை மழையின் பங்கு

1993ஆம் வருடம், மலையாளக் கணக்கில் மழை தொடங்கும் இடவ மாதம் பதினெட்டாம் தேதி காலையில், பாறசாலைக்கு வடகிழக்கே முகட்டுவிளையில் ரத்னபாய் வீட்டுக் கூரையின் மேற்குச் சரிவில் விழுந்த மழை, கீழே இறங்காமல் மேலே ஏறி, முகட்டு ஓடுகளைத் தாண்டி, கிழக்குச் சரிவு வழியாக இறங்கிப் போனது. அதை முதலில் பார்த்தவர் சுயம்பு. மேட்டுக்கு மேற்கே ஏலா என்று சொல்லும் வயல்வெளியில் அரை ஏக்கர் நெல் போட்டிருப்பவர் அவர். மழைக்கு ஒதுங்க ரத்னபாய் வீட்டு மேற்கு இறவாணத்தில் நின்றார்; அரைமணி நேரம் நின்றும் இறவாணத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அண்ணாந்து பார்த்தார். பிறகு டீக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் அது ஓட்டுக் கம்பெனியின் கோளாறு என்றார்கள். மீதிப்பேர் மரச்சீனிக் கிழங்குக்கு இந்த மழை போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

முகட்டுவிளை ஒரு நீளமான மேடு. அதன்மேல் விழும் மழைக்கு இரண்டு வழி உண்டு. மேற்கே விழுவது தோடு என்னும் சிற்றோடையில் இறங்கி, ஏலாவை நனைத்து, நெய்யாற்றில் கலந்து, பூவாறில் கடலைச் சேரும். கிழக்கே விழுவது ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து, கேரள, தமிழ்நாட்டு எல்லையை யாரிடமும் கேட்காமல் கடந்து, குழித்துறை ஆற்றில் கலந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேரும். ரத்னபாயின் அப்பா தங்கையன் முப்பது வருடம் சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். இரண்டு ஆறுகளின் கரையையும் மலையிலிருந்து கழிமுகம் வரை நடந்தே அறிந்தவர். அந்த அறிவின் திமிரில்தான் வீட்டின் முகட்டு உத்தரத்தை மேட்டின் நடுக்கோட்டில் போட்டார். சாகும் முன் இரண்டு மகள்களுக்கும் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டையும் வீட்டையும் பிரித்தபோது, எல்லைக்கல் நடச் சொன்ன பத்திர எழுத்தரைப் பார்த்துச் சிரித்தார். மேற்கே மழை ஓடும் பக்கம் மூத்தவள் ரத்னபாய்க்கு, கிழக்கே மழை ஓடும் பக்கம் இளையவள் சுகிர்தபாய்க்கு என்று எழுதச் சொன்னார். கல்லை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி நட ஆள் உண்டு, மழையை மாற்றி நட யாராலும் முடியாது என்பது அவருடைய கணக்கு. உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் இப்படி ஒரு பாகப்பிரிவினை செய்திருக்க மாட்டான்.

சமையலறையை மட்டும் தங்கையன் யோசிக்கவில்லை. அது தென்கோடியில் குறுக்காகக் கட்டப்பட்டது. அதன் மழை எந்தப் பக்கம் போகிறது என்று சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. 1979இல், சுகிர்தபாய்க்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம், அடுப்பு யாருக்கு என்று சண்டை வந்தது. சபையின் பெரியவர்கள் நாலு பேர் வந்து, நடு ஓட்டில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்ப்போம் என்றார்கள். ஏணி வைத்து ஏறியது ரத்னபாய். தண்ணீர் முழுக்க மேற்கே போனது. பெரியவர்கள் ஜெபம் செய்துவிட்டுக் கலைந்தார்கள். சுகிர்தபாய் கிழக்கு அறைகளைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, படகு இஞ்சின் மெக்கானிக்கான கணவன் கனகதாஸோடு தேங்காய்ப்பட்டணத்துக்குப் போனாள். குடத்தின் வாயை ஒரு விரல்கடை மேற்கே சாய்த்துப் பிடித்தது ரத்னபாய்க்கு மட்டும் தெரியும். கிடைத்த அடுப்பில் அவள் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1992இல் பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு எஸ்டிடி பூத் திறந்தாள். வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் பேச வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்குள் அழுவார்கள், சிரிப்பார்கள், அவள் வெளியே மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுவருடம் இடவத்தில் ஒரு மீன் வியாபாரி வந்து தேங்காய்ப்பட்டணத்துக்குப் பேசினார். வியாபார விஷயமெல்லாம் முடிந்த பிறகு, மெக்கானிக் வீட்டு சுகிர்தக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாச்சா, ஆபரேஷன் கழிந்து பிழைத்துக்கொண்டாளா என்று கேட்டார். வந்தாச்சு, பிழைத்தாச்சு என்று பதில் வந்திருக்க வேண்டும், அவர் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தார். கூடப்பிறந்தவள் செத்துப் பிழைத்ததை மீன் வியாபாரி வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று நினைத்துக்கொண்டே ரத்னபாய், கேட்டால் தங்கையைக் கூப்பிட்டுத் தரக்கூடிய அந்த எண்ணை மீட்டர் துண்டுச்சீட்டிலிருந்து எழுதி வைத்துக்கொண்டாள். தினமும் மாலையில் அதைச் சுழற்றுவாள். கடைசி எண்ணுக்கு முன்னால் ரிசீவரை வைத்துவிடுவாள். மழை கிழக்கே ஏறத் தொடங்கியது மீன் வியாபாரி வந்துபோன மறுநாள் காலையில்தான். ஆகவே ஊரில் மற்றவர்கள் காரணம் தேடியபோது அவள் தேடவில்லை.

கூரை மழை மட்டுமல்ல, ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டில் விழுந்த எல்லா மழையும் மேடேறிக் கிழக்கே போனது. அடுத்த வருடம் ஒரு என்ஜினீயர் முக்காலியும் தூரநோக்கியும் அளவுகோலுமாக வந்து மூன்று நாள் அளந்தார். மேற்குப் பக்கம் முன்பு போலவே தாழ்வாகத்தான் இருந்தது, நிலம் ஒரு நூல்கூட அசையவில்லை. தண்ணீர் ஏறுகிறது, அதில் நிலத்தின் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதி முடித்து, "சேச்சி, ஒரு சாயா கிட்டுமா?" என்று கேட்டார். ரத்னபாய் போட்டுக் கொடுத்தாள். நல்ல சாயா என்று சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடித்தார்.

மேற்குத் தோடு பிறப்பது ரத்னபாய் நிலத்தின் மூலையில் உள்ள ஊற்றில். இரண்டு மழைக்காலத்தில் ஊற்று வற்றியது, தோட்டில் ஆட்டுக்குட்டிகள் நடந்தன, ஏலா வெடித்தது. காரணம் இதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பூத்தில் அவள் போனைச் சுழற்றுவதைப் பார்க்காதவர்கள் யார்? ஏலாக்காரர்கள் பதினோரு பேர் திரண்டு வந்தார்கள். சுயம்புதான் பேசினார்.

"ரத்னபாய் அக்கா, தப்பா எடுக்கப்பிடாது. கூடப்பிறப்ப நெனைக்கியது மனுசத்தன்மையாக்கும். அதுக்காவ ஒரு ஏலாவ முழுசும் உணக்கிப் போடலாமா? கொஞ்சம் கொறச்சு நெனச்சா மதி."

"கொறச்சுப் பாக்கேன்," என்றாள் ரத்னபாய்.

சும்மா சொல்லவில்லை, பாடுபட்டாள். பாடகர் குழுவில் இரண்டு பயிற்சி கூடுதலாகச் சேர்ந்தாள். போதகர் வந்து ஜெபித்தார். இந்தியாவின் எஸ்டிடி கோடு எல்லாவற்றையும் மாநிலவாரியாக அகரவரிசையில் மனப்பாடம் செய்தாள். ஒரிசா ஊர்களைப் படித்த வாரம் மேற்கு இறவாணத்தில் நூல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது. சுயம்பு ஒரு வாளியை வைத்துப் பிடித்தார். பிறகு தமிழ்நாட்டு ஊர்கள் வந்தன. வாளி நிறைவதற்குள் தண்ணீர் மறுபடி மேலே ஏறிவிட்டது.

"இனி ஒரே வழிதான் உண்டு," என்றார் சுயம்பு. "போய்ப் பாத்துட்டு வாங்க."

1995 மீன மாதத்தில் அவள் போனாள். களியக்காவிளையில் பஸ் மாறி, தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கி, மெக்கானிக் வீட்டைக் கேட்டாள். கடலுக்கு நாற்பது அடி தள்ளி அந்த வீடு. முற்றத்துக் கிணற்றைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். முன்பு அதில் உப்புத்தண்ணீர்தான், ஆட்டுக்குக்கூட ஆகாது. இரண்டு வருடமாக நல்ல தண்ணீர், நாற்பது வீட்டுக்கு அதுதான் குடிநீர். ஆற்றோடு வந்த முகட்டுவிளை மழை, கடலில் சேரும் முன் அந்தக் கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வருடம் கிணற்றில் அயனிக்கொட்டைகள் மிதந்ததாகவும், கடற்கரையில் அயனிமரம் ஏது என்று தான் குழம்பியதாகவும், தன் மனைவி மட்டும் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, முகட்டுவிளை வீட்டு மரத்துக் கொட்டை என்று சொல்லி உள்ளே போய் அழுததாகவும் கனகதாஸ் பிறகு சொன்னார்.

சுகிர்தபாய் மெலிந்திருந்தாள். வாளியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் ரத்னபாய்க்கு நினைவில் வரவில்லை.

"மக்கா, அண்ணு நான் குடத்தச் சரிச்சேன்."

"அண்ணைக்கே கண்டேன் அக்கா."

"பின்ன ஏன் சொல்லேல்ல?"

"நீயாட்டு சொல்லுவியான்னு பாத்தேன். பதினாறு வருசம் ஆச்சு. கிணத்துக்கு வெள்ளம் வந்துது. நீதான் வரேல்ல."

ரத்னபாய் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குடக்காரப் பெண்கள் விலகி நின்றார்கள், ஆனால் போய்விடவில்லை.

இடவம் பிறந்ததும் சுகிர்தபாய் சாவியோடு முகட்டுவிளைக்கு வந்து கிழக்கு அறைகளைத் திறந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். அந்த வருடம் மழை தங்கையன் நினைத்தபடியே பிரிந்தது. மேற்கே விழுந்தது மேற்கே போய் ஊற்றைத் திறந்தது, தோடு ஓடியது, சுயம்பு நாற்று நட்டார். கிழக்கே விழுந்தது கிழக்கே போய், யார் வீட்டிலும் தங்காமல் நேராகக் கடலில் விழுந்தது. தங்குவதற்கு அங்கே ஆள் இல்லையே. ரத்னபாய் வாழ்நாளில் அதைப்போல் சந்தோஷமாக இருந்ததில்லை. பூத்தை மாலை ஐந்து மணிக்கே மூடிவிட்டு ஓடி வருவாள். சின்ன வயதில் பாதியில் விட்ட சண்டைகளைக்கூட இருவரும் எடுத்து முடித்தார்கள்.

சிங்க மாதத்தில் மழை ஓய்ந்ததும் ஒரு வேன் வந்து நின்றது. கனகதாஸும் பதினெட்டுப் பெண்களும் காலிக் குடங்களோடு இறங்கினார்கள். கிணறு உப்பாகிவிட்டது.

"ஒங்க வீட்டுக் காரியத்துல நாங்க தலையிடேல்ல," என்றாள் அவர்களில் மூத்தவள். "சுகிர்தக்காவத் திருப்பித் தாங்க. பிள்ளைகளுக்குக் குடிக்க வெள்ளம் இல்ல."

விஷயம் கேள்விப்பட்டு ஏலாக்காரர்களும் வந்துவிட்டார்கள். தங்கை போனால் தோடு வற்றும், தங்கை இருந்தால் கிணறு உப்பாகும். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் சத்தம் அதிகமாக இருந்தது. கடைசியில் சுயம்பு, கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவதில்லையா, அதுபோல இதையும் விட்டால் என்ன என்று கேட்டார். இடவ மழை ஏலாவுக்கு; அப்போது கடற்கரையில் கூரைத் தண்ணீரே தாராளம். ஐப்பசியில் வரும் துலா மழை கிணற்றுக்கு. அது நிறைந்தால் அடுத்த இடவம் வரை தாங்கும். ஆகவே துலாம், விருச்சிகம் இரண்டு மாதமும் அக்காவும் தங்கையும் பிரிந்திருக்க வேண்டும். சும்மா பிரிந்தால் போதாது. போன் கூடாது, கடிதம் கூடாது. குரல் கேட்டால் ஏக்கம் பாதி குறையும், குறைந்த அளவுக்கு உப்பு ஏறும். இதைச் சொல்லிவிட்டு எல்லாரும் ரத்னபாயைப் பார்த்தார்கள். நினைத்துத் தண்ணீரை அனுப்ப வேண்டியவள் அவள்தான்.

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. பதினாறு வருடம் கழித்துக் கிடைத்தவள். நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

"துலாத்துக்கு அவ போகட்டு," என்றாள்.

"இது நீ சொல்லியதா, இவங்க சொல்லச் சொன்னதா?" என்று சுகிர்தபாய் கேட்டாள்.

"நான்தான் மக்கா. அண்ணு முழுசா எடுத்தேன். இனி அப்பிடி எடுக்க மாட்டேன்."

சுகிர்தபாய் எழுந்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் கட்டன் சாயா போடப் போனாள்.

அன்று முதல் கன்னி மாதத்தின் கடைசி நாள் காலை, முகட்டுவிளை நிறுத்தத்தில் சுகிர்தபாய் பஸ் ஏறுவாள். ரத்னபாய் நிறுத்தம் வரை போவாள். தனு மாதம் பிறந்த அன்றே, முதல் பஸ்ஸில், ரத்னபாய் தங்கையைக் கூட்டிவரத் தேங்காய்ப்பட்டணம் போவாள். இடையில் உள்ள இரண்டு மாதமும் அவள் பூத்தில் உட்கார்ந்து, ஊரிலுள்ள எல்லாருக்கும் எல்லா ஊருக்கும் இணைப்புக் கொடுத்தாள். கனகதாஸ் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுப் பெருத்தார். 1997 துலாம் பன்னிரண்டாம் தேதி மட்டும் அவளால் முடியவில்லை. கடைசி எண்ணையும் சுழற்றிவிட்டாள். மூன்று நிமிடம் பேசினார்கள், அதில் இரண்டு நிமிடம் கறிக்கு அரைப்பது பற்றித்தான். கிணறு மூன்று நாள் கரித்தது. கரைப் பெண்கள் கரித்த தண்ணீரை ஒரு குப்பியில் அடைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து பூத்துக்கு அனுப்பினார்கள். ரத்னபாய் அதை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, போனை உறையிட்டு மூடினாள்.

வருடம் போகப்போக இரண்டு பக்கத்தாருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. வயதாகிறது, பிரிவும் பழகிப்போகும், பழகினால் நினைப்பு தேயும், அப்புறம் துலா மழை என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். ஒவ்வொரு தனுவிலும் ரத்னபாய் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கரைப் பெண்கள் சுற்றி நின்று, குறையவில்லையே என்று கேட்பார்கள். இல்லை என்பாள். 1999 விருச்சிகம் இருபதாம் தேதி கிணறு நிறைந்து, முற்றத்தில் வழிந்து, மணலில் ஒரு சிறு சால் இட்டுக் கடலுக்கே ஓடத் தொடங்கியது. கனகதாஸ் இஞ்சின் வேலையை நிறுத்திவிட்டு சிமென்ட் வாங்கி வந்து, கிணற்றின் கைப்பிடிச் சுவரை இரண்டு வரிசை உயர்த்திக் கட்டினார்.